பதினாலுக்கு நேரே உள்ள கட்டம்

காகித ஆலைக் குடியிருப்பில் இரண்டிரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர்தான், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து பார்ப்பேன். அதனால் பக்கத்து வீட்டில், பதினாலு என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் வீட்டில், காலை ஐந்தரைக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு அலாரம் மாதிரி.

முதலில் கட்டில் கிரீச்சிடும். பிறகு பதினாலின் குரல் வரும்.

"மாமா, கைய என் கழுத்துல போடுங்க."

மாமா என்றால் அவருடைய மாமனார். லாரி ஓட்டியவர். இடது பக்கம் செயலிழந்து இரண்டு வருஷம் ஆகிறது. எண்பது கிலோ உடம்பு, வாய் மட்டும் பழுதில்லாமல் அப்படியே இருந்தது. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது கை வேலை இல்லை, கால் வேலை. பதினாலு தன் முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மாமாவின் இரண்டு கால்களுக்கும் நடுவே தன் ஒரு காலை வைப்பார். மாமாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னால் சாய்வார். அவ்வளவுதான், ஆள் தானாக எழுந்து வருவார். பிறகு முன்காலை ஊன்றிக் கால்வாசி வட்டம் திரும்பி நாற்காலியில் இறக்க வேண்டும். கூடைக்கு அடியில் பந்து வரப்போகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்டக்காரனும் அப்படித்தான் நிற்பான். ஒருமுறை நான் முயன்று பார்த்தேன். மாமாவும் நானும் சேர்ந்து கட்டிலிலேயே விழுந்தோம்.

"கரண்டு, நீ பல்பு மாத்த மட்டும் போ" என்றார் மாமா.

நான் ஆலையில் எலக்ட்ரீஷியன். அதனால் கரண்டு. அவர் பதினாலு ஆனது சட்டை நம்பரால். ஆலையின் கூடைப்பந்து அணியில் பத்தொன்பது வருஷமாக அந்த நம்பர் அவர் முதுகில்தான். கேண்டீன், மருந்துக்கடை, பேருந்து நடத்துநர், எல்லோருக்கும் அவர் பதினாலு. அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பிப்பார்.

"நேத்து எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு, மாமா."

"நம்ம போட்டதா?"

"இல்ல. வித்தியாசம்."

"நீ எத்தன நிமிஷம் இறங்கின?"

"பெஞ்சு காத்தோட்டமா இருந்துச்சு, மாமா."

"அதானே. தேஞ்சா பெஞ்சு தேயும், நீ எதுக்குத் தேயணும்?"

உள்ளேயிருந்து பதினாலின் மனைவி, எனக்கு அக்கா, சத்தம் போடுவார். "அப்பா, காலங்காத்தால அவர வம்புக்கு இழுக்காதீங்க. அப்புறம் கஞ்சில உப்பு இருக்காது."

"இப்ப மட்டும் இருக்காக்கும்" என்பார் மாமா.

அந்த சீசனில் பதினாறு மேட்ச். முடிந்த பதினைந்தில் எங்கள் அணி ஜெயித்தது இரண்டு. பதினாலுக்கு நாற்பத்தி மூன்று வயது. பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் வலது முட்டி ஆட ஆரம்பிக்கும், தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி. ஒரே நீளப் பலகை என்பதால் ஆறு பேரும் சேர்ந்து ஆடுவார்கள். "அண்ணே, டீ குடிக்கிற வரைக்கும் கொஞ்சம் நிறுத்துங்க" என்று பையன்கள் கெஞ்சுவார்கள். அவர் நிறுத்துவார். பேச்சு மாறியதும் மறுபடியும் ஆடும்.

ஆட்டம் அவருக்குத் தெரியாமல் போகவில்லை. பந்து எங்கே வரும் என்று களத்தில் உள்ள பத்து பேருக்கும் முன்னால் அவருக்குத் தெரியும். ஆனால் தலைக்குத் தெரிந்தது கைக்கு வந்துசேர அரை நொடி பிந்திவிடும். அந்த அரை நொடியில் பந்து போயிருக்கும். கை மட்டும் எதிராளியின் மணிக்கட்டில் விழும். விசில், ஃபவுல். இறங்கும் போதெல்லாம் ஒன்றிரண்டு ஃபவுல் இல்லாமல் அவர் திரும்பியதில்லை, ஒரே ஒரு மேட்ச்சைத் தவிர. அந்த மேட்ச்தான் இந்தக் கதைக்கு வேண்டியது.

சீசன் நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பதினோரு மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் ஆரம்பித்திருக்கும் புது ஆலைக்கு இங்கிருந்து முப்பது ஃபிட்டர்கள் போக வேண்டும். பதினாலும் ஃபிட்டர்தான். ஆலை அணியில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆடுகிறவர் யார் என்பதற்கும் விதி உண்டு. ஒரு சீசனில் பத்து மேட்ச்சிலாவது களம் இறங்கியிருக்க வேண்டும். பெஞ்சில் இருந்ததெல்லாம் சேராது. ஒரு நொடி இறங்கினாலும் இறங்கியதுதான், அதற்கு ஸ்கோர் ஷீட்தான் சாட்சி.

பதினாலு அந்தப் புது ஆலைக்குப் போனால் மாமாவை யார் தூக்குவது? அக்காவுக்கு இந்த ஆலையில் வேலை, அவரால் கிளம்ப முடியாது. மாமாவைப் பதினோரு மணி நேரம் பேருந்தில் கொண்டுபோகவும் முடியாது. அக்காவின் எடை மாமாவின் எடையில் பாதி.

அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். தாள் எண்ணும் கூடத்தில் இருக்கிறார். தாள் எண்ணுவது என்றால் ஒவ்வொன்றாகப் புரட்டுவது இல்லை. கட்டின் ஒரு மூலையைப் பிடித்து மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால் தாள்கள் விசிறி மாதிரி விரியும். விரல் நுனிகள் நாலு நாலு தாளாகக் கவ்விக்கொண்டே போகும். நூற்று இருபத்தைந்து கவ்வல், ஐநூறு தாள். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், விரல்தான் எண்ணும். பதினாறு வருஷத்தில் அவர் எண்ணிய கட்டுகளில் ஒரு தாள் கூடியதாகவோ குறைந்ததாகவோ புகார் வந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் லீக்காரர்கள் அவருக்குத் தேர்வு வைத்து ஸ்கோரர் ஆக்கினார்கள். லீக்கில் ஒன்பது ஆலைகள். அத்தனை மேசைகளிலும் ஒரே பெண் அக்காதான். எங்கள் மைதானத்தில் நடக்கும் மேட்ச்சுக்கு அவர் ஸ்கோர் எழுதுவார், பக்கத்து நாற்காலியில் நான் கடிகாரம் பார்ப்பேன்.

ஸ்கோர் ஷீட் ஒரு அழகான காரியம். ஒரே தாளில் நாற்பது நிமிஷமும் படுத்திருக்கும். யார் போட்டார், எப்போது போட்டார், யார் யாரை அடித்தார் என்று ஆட்டத்தைப் பார்க்காதவனும் வாசித்துவிடலாம். ஒன்றாம், மூன்றாம் கால் பகுதிகளுக்குச் சிவப்பு மை. இரண்டுக்கும் நான்குக்கும் நீலம். ஒவ்வொரு ஆட்டக்காரரின் நம்பருக்கு நேரேயும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அவர் களத்தில் கால் வைத்ததும் அதில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். கடைசி வரை இறங்காதவருக்கு ஆட்டம் முடிந்ததும் அந்த வரிசை முழுக்க ஒரு கோடு. பிறகு நடுவர் கையெழுத்து. அதோடு அந்தத் தாள் கல்வெட்டு.

மைதானம் திறந்தவெளி. புகைபோக்கிப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் சுண்ணாம்பும் வெந்த மரக்கூழும் கலந்த வாடை வரும், தாள் பறக்கும். அதற்காகப் பதினாலு தன் ஆறங்குல இரும்பு ஸ்கேலை மேட்ச் அன்று அக்காவிடம் கொடுத்துவிடுவார். பேரிங் இடைவெளி அளக்கிற ஸ்கேல். தாள் மேல் கனமாகவும் இருக்கும், கோடு போடவும் ஆகும்.

கடைசி மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னால் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய ஷீட்டின் நகல்.

"தம்பி, மூணாவது மேட்ச்சுல இவர் இறங்கினாரா இல்லையா?"

"இறங்கினாரேக்கா. ஒண்ணரை நிமிஷம். பந்தே கைக்கு வரல. ஃபவுலும் இல்ல. அதிசயமா இருக்குன்னு நான்கூடச் சொன்னேனே."

அக்கா தாளைக் கட்டில் மேல் வைத்தார். பதினாலுக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. வரிசை முழுக்க ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடு.

"நானேதான் கோடும் போட்டிருக்கேன்" என்றார். "தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் எழுதுறப்ப எண்ணினேன். பத்துன்னு நினைச்சேன். ஒம்போதுதான் வருது. மூணு தடவ எண்ணிட்டேன்."

"எப்படிக்கா? நீங்களா விட்டீங்க?"

"முந்தின நாள்தான் அவருக்கு முட்டி வீங்கியிருந்துச்சு. வேண்டாம்னு சொல்லியும் கேக்காம கட்டுப் போட்டுக்கிட்டு வந்தார். உள்ள வந்ததும் ஓடுறாரா நொண்டுறாரான்னு முட்டியவே பார்த்துக்கிட்டு இருந்தேன் தம்பி. பேனா கையிலேயே இருந்துச்சு. அப்புறம் கோடு போடுறப்ப கட்டத்த மட்டும்தான் பார்த்தேன். காலியா இருந்துச்சு, போட்டுட்டேன்."

லீக் செயலாளரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டிருக்கிறார். ஸ்கோரர் யாரையாவது விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "எழுதினவங்கள மாத்துவோம்மா. எழுதினத மாத்த மாட்டோம்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"விட்டது நான்னு சொல்லல. ஒம்போதுதான் ஆச்சு, கடைசி மேட்ச்சுல கோச் மாஸ்டர்கிட்ட கேட்டு எப்படியாவது இறங்கிடுங்கன்னு சொன்னேன். 'அப்படியா, சரி'ன்னார். மூணாவது மேட்ச் மறந்துபோச்சு போல." ஷீட்டை நாலாக மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "நீயும் சொல்லிடாத."

அந்த வாரம் முழுக்க அந்தச் சுவர் வழியாக ஒரே பேச்சுதான்.

"கேட்டீங்களா?"

"பாக்கலாம்."

"என்ன பாக்கலாம்? வாயத் தொறந்து கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

"பத்தொம்போது வருஷம் அந்த மாஸ்டருக்கு விசில் வாங்கிக் குடுத்ததுலேர்ந்து வேர்வ தொடைக்கத் துண்டு குடுத்தது வரைக்கும் செஞ்சாச்சு. ஒரு நிமிஷம் கேக்க வாய் வரல. அப்பாவ யார் தூக்குவா? நானா? இல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கரண்டா?"

மாமா இடையில் புகுவார். "கரண்டு வேண்டாம்மா. அவன் தூக்கினா ஷாக்கடிக்கும்."

ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கட்டில் சட்டம் டக்டக்கென்று ஆடும். அது பதினாலின் முட்டி.

கடைசி மேட்ச் அன்று அவருக்கு அரை ஷிப்ட். இரண்டாம் மிஷினின் உலர்த்தும் உருளைகளுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே போனால் முகத்தில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி ஆவி. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல பேரிங் ஒரே சுருதியில் முனகும். கெடப்போகிற பேரிங் உள்ளே மணல் அரைக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனவர் ஏழாவதில் நின்றார்.

"இது இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்றார்.

"அண்ணே, மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"என்னன்னு?"

"ஒரு மேட்ச் குறையுதுன்னு."

அவர் ஸ்க்ரூடிரைவரை எட்டாவதில் வைத்தார். "எப்படிக் குறையுதுன்னு கேப்பார்ல" என்றார். ஒன்பதாவதுக்கு நகர்ந்தார். ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் எங்கள் கோச். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஒரே ஒரு கேடயம். லீக்கில் சுத்த ஆட்டக் கேடயம் என்று ஒன்று உண்டு, சீசனில் மிகக் குறைவாக ஃபவுல் செய்த அணிக்கு. அதில் நாங்கள்தான் முதல் இடம். ஃபவுல் செய்ய வேண்டும் என்றால் எதிராளிக்குப் பக்கத்தில் போக வேண்டும். நாங்கள் எப்போதும் இரண்டு எட்டு பின்னால்தான் இருந்தோம். எப்படி வந்தாலும் கேடயம் கேடயம்தான். பதினோரு வருஷமாக ஆலை அலமாரியில் புதிதாக எதுவும் வரவில்லை. அன்று பன்னிரண்டு ஃபவுலுக்குள் முடித்தால் அது எங்களுக்கு.

மூன்றாம் கால் பகுதி முடிந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. எதிரணி அறுபத்தி மூன்று. நாங்கள் முப்பத்தெட்டு.

மாஸ்டர் பையன்களை வட்டமாக நிறுத்திக் கத்தியது மேசை வரை கேட்டது. "தோத்தாச்சு. அத விடுங்க. இனிமே எவன் மேலயும் உங்க நிழல்கூட விழக்கூடாது. அவன் வர்றானா, வழி விடு. போடுறானா, போடட்டும். புரியுதா?"

"கதவு மாதிரி தொறந்து விடணும், அவ்வளவுதானே மாஸ்டர்" என்றான் குட்டை. எங்கள் அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவன் அவன். அணியிலேயே உயரம் குறைந்தவன், நாக்கு நீளமானவன்.

இந்த நிலையில் பதினாலை யார் இறக்குவார்? ஃபவுல் கையோடு பிறந்த மனிதர். பெஞ்சு ஆடிக்கொண்டே இருந்தது. அக்கா நீலப் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒரு தடவைகூடப் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. மேசையில் இருக்கிறவர் கோச்சிடமோ ஆட்டக்காரரிடமோ பேசக்கூடாது என்று விதி. விதி இல்லாவிட்டால் அவர் எழுந்துபோய் மாஸ்டர் சட்டையைப் பிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றரை நிமிஷம் இருக்கும்போது பதினாலு எழுந்தார். மாஸ்டர் காதருகே போய் ஏதோ சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார், இல்லை என்பது போல. பதினாலு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்காட்டினார். இப்படியே நிற்கிறேன் என்று. மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ என்று கையை வீசினார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். கூடைப்பந்தில் மாற்று ஆட்டக்காரர் நினைத்த உடனே உள்ளே போய்விட முடியாது. முதலில் மேசைக்கு வந்து தானே கேட்க வேண்டும். பிறகு மேசைக்குப் பக்கத்திலுள்ள நாற்காலியில் காத்திருக்க வேண்டும். நடுவர் விசில் ஊதி ஆட்டமும் கடிகாரமும் நின்றால்தான் ஸ்கோரர் மணியடிப்பார், நடுவர் கையசைப்பார், அவர் உள்ளே போகலாம். விசில் எதற்கு வரும்? ஃபவுலுக்கு வரும். பந்து கோட்டுக்கு வெளியே போனால் வரும். கூடை விழுந்தால் விசில் இல்லை, கடிகாரம் பாட்டுக்கு ஓடும். கடைசி இரண்டு நிமிஷத்தில் மட்டும் கூடை விழுந்தால் கடிகாரத்தை நிறுத்துவேன். அப்போதும் கூடை வாங்கிய அணிதான் ஆளை மாற்றலாம். போட்ட அணி மாற்ற முடியாது.

பதினாலு வந்து, "மாத்தணும்" என்றார்.

"உக்காருங்க" என்றார் அக்கா. மேசையில் அவர்கள் பேச அனுமதி உள்ள வார்த்தைகள் அவ்வளவுதான். மணியின் பொத்தான் மேல் அக்காவின் விரல் போய் உட்கார்ந்தது.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே என் மேசையும் ஆட ஆரம்பித்தது.

மூன்று நிமிஷம் இருபது நொடி. எதிரணி பந்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தது. நம் பையன்கள் மாஸ்டர் சொன்னபடி கையைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். துப்பாக்கி காட்டி நிறுத்தின மாதிரி. ஒருவரையும் தொடவில்லை. பந்தும் வெளியே போகவில்லை. எதிரணிக்கு ஒரு கூடை. நேரம் இன்னும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இருந்ததால் கடிகாரம் நிற்கவில்லை. குட்டை ஓடிப்போய் ஒன்று போட்டான். அதற்கும் நிற்கவில்லை.

"ஒரு விசில்கூடவா வராது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பதினாலு. யாரிடமும் இல்லை.

இரண்டு நிமிஷத்துக்குக் கீழே வந்தது. இனி எதிரணி ஒரு கூடை போட்டால் போதும், அவர் உள்ளே போகலாம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எதிரணி போடட்டும் என்று அந்த மனிதர் காத்திருந்தார். நானும்தான். ஆனால் எதிரணிக்காரர்கள் நல்ல பிள்ளைகள். இருபத்தைந்து புள்ளி முன்னால் இருக்கிறோம், தோற்றவனை இன்னும் எதற்கு அடிப்பது என்று மரியாதைக்குப் போடாமலே விட்டார்கள். பந்தை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றினார்கள். இருபத்து நாலு நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்று விதி உண்டுதான். அதைக் காட்டும் பெட்டி மழையில் நனைந்து போய், அந்த சீசனில் அந்த விதி இல்லாமலே ஆடுவது என்று எல்லா ஆலைகளும் ஒப்புக்கொண்டிருந்தன. பெட்டியைப் பழுது பார்க்கவேண்டியவன் நான்தான். உதிரி பாகம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம் பத்து நொடி. ஐம்பது. நாற்பது.

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஒரு கால் ஏற்கனவே ஓடுகிற நிலையில் இருந்தது. அக்காவின் விரல் பொத்தான் மேல் வெளுத்திருந்தது. இன்னொரு கையில் பேனா, நுனி பதினாலாம் கட்டத்துக்கு நேரே. காற்று தாளைத் தூக்கப் பார்த்தது. ஸ்கேல் அமுக்கிக்கொண்டிருந்தது.

இருபது நொடி இருக்கும்போது எதிரணியின் ஒரு பையன் பொறுமை இழந்து எறிந்தான். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றியது. நானும் பதினாலும் ஒன்றாக எழுந்தோம். பந்து இன்னும் அரைச் சுற்று சுற்றி வெளியே உருண்டது. எங்கள் நெட்டை அதைப் பிடித்து, குட்டை ஓடுவதைப் பார்த்து நீளமாக வீசினான். அளவு தப்பிவிட்டது. பந்து குட்டைக்கு எட்டாமல் எங்கள் மேசைக்கு முன்னாலேயே உள்ள கோட்டை நோக்கித் தாவித் தாவி வந்தது. இன்னும் ஒரு தாவல்தான். கோட்டைத் தாண்டினால் விசில்.

ஆறு நொடி.

"விடாத! எடு! எடுடா!"

கத்தியது பதினாலு. நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்து, கழுத்து நரம்பு புடைக்க, பத்தொன்பது வருஷமும் வெளியே போகிற எந்தப் பந்தையும் பார்த்துக் கத்திய அதே கத்தல். குட்டை திரும்பிப் பார்க்காமலே பாய்ந்தான். உடம்பு முழுக்கக் கோட்டுக்கு வெளியே காற்றில் இருக்க, ஒற்றைக் கையால் பந்தை உள்ளே தட்டிவிட்டு எங்கள் மேசை மேல் விழுந்தான். அந்த சீசனில் எங்கள் அணியில் யாரும் செய்த மிக நல்ல காரியம் அது. மைதானமே கைதட்டியது. பதினாலும் தட்டினார். இரண்டு தட்டு. மூன்றாவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது.

என் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்து ஊளையிட்டது.

குட்டை முழங்கையில் ரத்தத்தோடு எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, நீங்க கத்தலன்னா விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன்."

"நல்லா எடுத்தடா" என்றார் பதினாலு.

அந்தப் பக்கம் பையன்கள் குதித்தார்கள். பதினோரு ஃபவுல்தான், கேடயம் எங்களுக்கு. மாஸ்டர் துண்டைச் சுழற்றிக்கொண்டு மேசைக்கு வந்தார். பதினாலின் தோளில் கை போட்டார்.

"விசிலே வராமப் போச்சே! போகட்டும் விடுங்க. உங்களுக்குத்தான் ஏற்கனவே பத்து ஆயிடுச்சே. நான் எண்ணி வெச்சிருக்கேன். மூணாவது மேட்ச்சுல ஒண்ணரை நிமிஷம் இறக்கிவிட்டேன் பாருங்க, அதோட சேத்து. அதனாலதான் இன்னிக்கு நான் அவசரப்படல."

அக்காவின் பேனா தாள் மேல் நின்றது.

"ஆமா மாஸ்டர்" என்றார் பதினாலு. "பத்து ஆயிடுச்சு."

மாஸ்டர் கேடயத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் கடிகாரத்தின் வயரைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டேன். தலைக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது, காற்றில் பாதி போய்விட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே. கேண்டீன் பலகையில ஷீட் ஒட்டியிருந்துச்சுல்ல."

"அப்புறம் ஏன் என்கிட்ட..."

"என்னத்தச் சொல்ல? நீ எண்ணிப் பிசகினது அந்த ஒண்ணுதான். அதப் போய் மாஸ்டர்கிட்ட சொன்னா அவர் செயலாளர்கிட்ட சண்டைக்குப் போவார். தாள மாத்த மாட்டாங்க, உன்ன மாத்திடுவாங்க."

நடுவர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் நிமிர்ந்தேன். பதினாலாம் கட்டத்தில் பேனா நுனி படிந்து ஒரு நீலப் புள்ளி ஊறியிருந்தது. அங்கிருந்து இரண்டு கீற்று இழுத்தால் பெருக்கல் குறி. நடுவருக்கு அது தெரியாது. அவரும் கடைசி மூன்று நிமிஷமாக விசில் ஊதாமல் அலுத்துப் போயிருந்தார். எனக்குத் தெரியும்தான், ஆனால் நான் குனிந்து வயர் சுருட்டுகிறவன்.

அக்கா பேனாவை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பதினாலு மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டித் தன் ஸ்கேலை நகர்த்தினார். அந்த வரிசைக்கு நேரே வைத்தார், இம்மி பிசகாமல், பேரிங் அளக்கிற கையால். இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போடு" என்றார். "காத்து அடிக்குது, நான் புடிச்சுக்கறேன்."

அக்கா கோடு போட்டார். புள்ளி கோட்டுக்குள் போய்விட்டது. நடுவர் கையெழுத்துப் போட்டார்.

மாற்றல் உத்தரவு நாலு நாளில் வந்தது. கிளம்ப இரண்டு வாரம் அவகாசம். மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. ஆனால் கேட்டது அக்காவின் குரல்.

"அப்பா, கைய என் கழுத்துல போடுங்க."

"நீயா? கரண்டே தேவலம்மா."

"போடுங்கன்னா போடுங்க."

தொப்பென்று ஒரு சத்தம். மாமா திட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளியிருந்து பதினாலின் குரல் வந்தது. "கையால இழுக்காத. இடுப்ப இறக்கு. இன்னும் இறக்கு. அவர் கால் நடுவுல உன் கால வை."

மறுபடி கட்டில். மறுபடி தொப்.

"நீங்க வாங்களேன்" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

"நான் வர மாட்டேன். நீயே பாரு."

மூன்றாவது முறை கட்டில் முனகியது. நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நாற்காலி கிரீச்சிடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வருவதற்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. சுவரோரமாக, முக்காலியோ பெட்டியோ எதுவோ ஒன்று, டக்டக்டக்கென்று விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.